டெல்டாவின் காடுகளும் மாறும் பருவநிலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16, நள்ளிரவு தாண்டிய நேரத்தில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியது. அதற்கப்புறம் பல மாதங்கள் எங்கள் பக்கத்தில் சாய்ந்த தென்னையைப் பற்றிப் பேசாத வீடு இல்லை. அதே இரவில், கடலோரச் சேற்றில் வளரும் முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரைக் காடும் சிதைந்ததைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. தென்னைக்கு நிவாரணம் கேட்க ஆள் இருந்தது, காட்டுக்கு இல்லை. அன்றிலிருந்து காவிரி டெல்டாவின் காடுகளைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் பள்ளிப் பிள்ளைகளும் என்னிடம் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

டெல்டாவில் காடு எங்கே இருக்கிறது? எல்லாம் வயல்தானே?

பெரும்பகுதி வயல்தான். காடு கடலோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கே வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் பிச்சாவரம். தெற்கே வந்தால் தலைஞாயிறு, கோடியக்கரை, வேதாரண்யம் சதுப்பு, கடைசியாக முத்துப்பேட்டை. முத்துப்பேட்டைப் பகுதி மட்டும் சுமார் 12,000 ஹெக்டேர் வரும். காயல், சேற்றுத்திட்டு, உப்புத்தரை எல்லாம் சேர்ந்த கணக்கு அது. மரம் அடர்ந்த இடம் அதில் ஒரு பகுதிதான்.

கோடியக்கரை 1967இல் சரணாலயம் ஆனது. 2002இல் வேதாரண்யம் சதுப்பு, தலைஞாயிறு, முத்துப்பேட்டை எல்லாவற்றையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. பிச்சாவரத்துக்கு அந்தத் தகுதி 2022இல் கிடைத்தது.

இவை தவிர ஊருக்குள் சிறு துண்டுகள் இருக்கின்றன. கோயில் தோப்பு, அய்யனார் கோயிலைச் சுற்றி நிற்கும் மரங்கள், ஆற்றுப்படுகை மூங்கில், குளக்கரைப் பனை. கணக்கில் வராத இவற்றையும் நான் காடு என்றே சொல்வேன். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் கொடுத்ததே ஓர் அலையாத்திக் காட்டு மரம்தான். இன்றும் அந்தக் கோயிலின் தலமரம் தில்லை. பிச்சாவரத்துச் சேற்றில் அது நிற்கிறது.

பருவநிலை மாறுவதால் இந்தக் காடுகளுக்கு என்ன ஆகும்?

நான்கு பக்கமிருந்தும் நெருக்கடி வரும்.

கடல் ஏறுகிறது. 2006 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கேட்கச் சின்ன எண்ணாக இருக்கலாம். கடலுக்கும் தரைக்கும் ஒரு முழம்கூட வித்தியாசமில்லாத ஊர்களில் அது சின்னதில்லை. கடல்நீர் சூடாவதால் புயல்கள் குறுகிய நேரத்தில் வலுவெடுக்கின்றன. மழை மொத்தமாகக் கொட்டிவிட்டு, பிறகு நீண்ட நாள் காய்கிறது. வெயில் கூடக்கூடக் காயலிலும் சேற்றுக்குழிகளிலும் தேங்கிய நீர் ஆவியாகி உப்பு ஏறுகிறது.

இவை தனித்தனியாக வந்தால் காடு தாங்கும். அது பழகிய காடு. தண்ணீர் வராத ஒரு கோடைக்கு அடுத்து ஒரு புயல், அதற்கு அடுத்து இன்னொரு வறண்ட ஆண்டு என்று வரும்போதுதான் எழுந்திருக்க நேரம் கிடைக்காமல் போகிறது.

அலையாத்தி உப்பில் வளரும் மரம்தானே? அதற்கு எதற்கு நல்ல தண்ணீர்?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டிருப்பதும் இதுதான்.

அலையாத்தி மரங்கள் உப்பைத் தாங்குகின்றன, ஆனால் அவற்றுக்கு உப்பு உணவு இல்லை. முத்துப்பேட்டையில் பெரும்பாலும் நிற்பது வெண்கண்டல். அதன் இலையைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வேர் வழியாக உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளுகிறது. சுரபுன்னை வேறு மாதிரி, உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. இரண்டு வழிக்கும் மரம் தன் சக்தியைச் செலவழிக்க வேண்டும். உப்பு கூடக்கூட அந்தச் செலவு கூடும், வளர்ச்சி குறையும். மரம் குட்டையாகும், காய் குறையும், இளங்கன்று பிழைக்காது. கடைசியில் அந்த இடத்தில் உமரிச்செடி மட்டும் சிவந்து கிடக்கும். அதற்கும் மேல் உப்பேறினால் உமரியும் இருக்காது, வெடித்த வெள்ளைத் தரைதான்.

முத்துப்பேட்டையில் சுரபுன்னை இல்லாமல் வெண்கண்டலே ஏன் பரவி நிற்கிறது, பிச்சாவரத்தில் ஏன் பல வகை மரங்கள் இருக்கின்றன என்று கேட்டால், உப்பின் அளவு அதில் பெரிய காரணம். எதையும் தாங்கும் மரம் ஒன்றே மிஞ்சியிருக்கும் காடு, செழித்த காடு ஆகாது.

நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பில், அதாவது ஆறு பிரியும் மதகில், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. வயலெல்லாம் பாய்ந்து, வடிகாலாகி, இவை கடைசியில் முத்துப்பேட்டைக் காயலில் போய் விழுகின்றன. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். அதாவது பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை காயலுக்கு ஆற்றுநீர் ஏறக்குறைய நின்றுவிடும். வெயில் கொளுத்தும் மாதங்களும் அவைதான். பருவநிலை மாற்றத்திலிருந்து முத்துப்பேட்டையைக் காப்பாற்ற என்ன செய்யலாம் என்று யாராவது ஒரே ஒரு யோசனை கேட்டால், கன்று நடுவதற்கு முன்னால் இந்த நான்கைந்து மாத நீரைப் பற்றி யோசியுங்கள் என்பேன்.

வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை விவசாயிக்கே தண்ணீர் வரவில்லை. காட்டுக்கு விடச் சொல்வது நியாயமா?

கோபம் புரிகிறது. கடைமடையில் கருகிய பயிரைப் பார்த்தவன் நானும். ஆனால் 'கடலுக்கு வீணாகப் போகும் தண்ணீர்' என்று நாம் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோமே, அந்தச் சொல்லை மட்டும் விட்டுவிட வேண்டும் என்று கேட்கிறேன். ஆற்றுநீர் கடலில் சேர்ந்தால்தான் காயலின் உப்பு குறையும், வண்டல் வந்து சேற்றுத்தரை உயரும், இறாலும் மடவையும் குஞ்சு பொரித்து வளரும். முகத்துவாரத்தில் வலை போடுபவருக்கு அது வீண் தண்ணீர் இல்லை.

இது என் சொந்தக் கருத்து மட்டுமில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5இல் தந்த இறுதித் தீர்ப்பில், மொத்த 740 டிஎம்சியில் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) 10 டிஎம்சியைச் சுற்றுச்சூழலுக்கென்று தனியாக ஒதுக்கியது. தவிர்க்க முடியாமல் கடலில் சேரும் நீருக்கு இன்னொரு 4 டிஎம்சி. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று சண்டை போடும்போது இந்தப் பத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அது எந்த மாதம், எந்த ஆற்றுவழி வர வேண்டும் என்று கேட்கும் உரிமை கடலோர ஊர்களுக்கு உண்டு.

வயலுக்கும் காட்டுக்கும் ஒரே வாய்க்கால்தான். தலைப்பிலிருந்து கடைமடை வரை ஆகாயத்தாமரையை எடுத்து, வடிகாலைத் தூர்வாரினால் இரண்டுக்கும் நீர் போகும். அந்தக் காடு உப்புக்காற்றையும் உப்புநீரையும் தடுத்து நிற்பதும் அதே கடைமடை வயலுக்காகத்தான். இன்னொன்றும் உண்டு. வயலில் அளவுக்கு மீறித் தெளிக்கும் மருந்தும் அதே வடிகால் வழியாகக் காயலுக்குத்தான் போகிறது.

2018இல் அவ்வளவு வெள்ளம் போனதே, அது காட்டுக்குப் போகவில்லையா?

அந்த ஆண்டு ஆகஸ்டில் மேட்டூர் நிரம்பி வழிந்தது. முக்கொம்பு மேலணையில் மதகுகளே அடித்துச் செல்லப்பட்டன. ஆனால் அந்த வெள்ளம் போனது கொள்ளிடத்தில். கொள்ளிடம் டெல்டாவின் வடக்கு ஓரமாக ஓடிப் பிச்சாவரத்துக்குத் தெற்கே கடலில் சேருகிறது. முத்துப்பேட்டை இருப்பது தெற்குக் கோடியில், அதை வெண்ணாற்றின் கிளைகள்தாம் வளர்க்க வேண்டும். கொள்ளிடத்தில் லட்சம் கன அடி போன மாதத்தில்கூட எங்கள் பக்கத்துக் கடைமடைக்குத் தண்ணீர் போதவில்லை என்றால் நம்புவீர்களா? மூன்று மாதம் கழித்துக் கஜா வந்தது.

காடு புயலைத் தடுக்குமா? சுனாமியை?

தடுக்கும் என்று சொல்ல மாட்டேன். வேகத்தைக் குறைக்கும். பின்னிக் கிடக்கும் வேர்களுக்குள் புகுந்து வரும் அலை தன் பலத்தை இழந்துதான் அந்தப் பக்கம் போகும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிச்சாவரத்தில் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில், கடலைப் பார்த்து நின்ற ஊர்களைவிடச் சேதம் குறைவாக இருந்தது. ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதும் அதில் சேரும் என்று ஆய்வாளர்கள் வாதிட்டிருக்கிறார்கள். அந்த வாதம் சரியானதுதான். மரம் இருக்கிறதே என்று எச்சரிக்கை வந்த பிறகும் ஊரைக் காலி செய்யாமல் இருப்பது ஆபத்து.

கஜாவில் முத்துப்பேட்டைக் காடு அடியை வாங்கிக்கொண்டது. இலையில்லாமல் கருகி நின்ற மரங்களைப் பார்த்தபோது, பின்னால் இருந்த ஊர்களுக்கு விழ வேண்டிய அடியில் இதுவும் ஒரு பங்கு என்றுதான் எனக்குத் தோன்றியது.

புயலுக்குப் பின் சாய்ந்த மரங்களை அப்புறப்படுத்தலாமா?

பாதையை அடைத்தால் அப்புறப்படுத்தலாம். மற்றபடி பொறுத்திருங்கள். வெண்கண்டல் இலையெல்லாம் இழந்து செத்தது போல் நின்றாலும் தண்டிலிருந்து துளிர்க்கும் குணம் உள்ளது. ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டும். சுரபுன்னைக்கு அந்தக் குணம் குறைவு, கிளை ஒடிந்தால் அங்கே மறுபடி துளிர்ப்பது அரிது. அதனால் புயலுக்குப் பின் எந்த மரத்துக்குக் கன்று தேவை, எதற்குத் தேவையில்லை என்பதே மரத்துக்கு மரம் மாறும். விழுந்த கட்டை நண்டுக்கும் மீன்குஞ்சுக்கும் வீடாகிறது. அவசரமாக எல்லாவற்றையும் வெட்டி இழுத்தால் சேற்றில் இருக்கும் இளங்கன்றும் மிதிபட்டுப் போகும்.

மீன்முள் வாய்க்கால் என்கிறார்களே, அது என்ன?

வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பிறகும் அலையாத்திக் காட்டைப் பாத்தி பாத்தியாக மொத்தமாக வெட்டி விறகுக்கு எடுத்தார்கள். மரம் போன இடத்தில் வெயில் நேராகப் பட்டு, சேறு காய்ந்து அமுங்கி, தரை நடுவில் குழிந்தது. ஏற்றத்தில் வந்த கடல்நீர் வற்றத்தில் திரும்பிப் போக முடியாமல் அங்கேயே நின்று காய்ந்து உப்பானது. பிறகு அங்கே எந்த விதையும் முளைக்கவில்லை. காடு அழிந்ததற்கு மாடு மேய்ந்ததும் விறகு பொறுக்கியதும்தான் காரணம் என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தேங்கிய நீர்தான் பெரிய காரணம் என்று தெரிய வந்தது பின்னால்தான்.

1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராமத்து மக்களும் சேர்ந்து இதற்கு ஒரு வழி செய்தார்கள். காயலிலிருந்தோ ஆற்றிலிருந்தோ ஒரு பெரிய வாய்க்கால், அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சிறு வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள் மாதிரி இருக்கும். ஏற்றத்தில் நீர் உள்ளே வரும், வற்றத்தில் வெளியே போகும், உப்பைக் கழுவிக்கொண்டு போகும். சிறு வாய்க்கால் சரிவில் கன்று நடுவார்கள். பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் வெறுந்தரையாகக் கிடந்த இடங்கள் இப்படித்தான் மறுபடி பச்சையாயின.

ஒரு குறை உண்டு. வாய்க்கால் தூர்ந்துபோகும். வெட்டிய ஆண்டு படம் எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஐந்தாண்டு யாரும் எட்டிப் பார்க்காவிட்டால் வேலை பாழ். வாய்க்கால் வெட்டப் பணம் கிடைக்கிறது, தூர்வாரக் கிடைப்பதில்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம்.

எங்கள் கல்லூரி மாணவர்கள் அலையாத்திக் கன்று நட வருகிறோம். எங்கே நடலாம்?

முதலில் வனத்துறையிடம் அனுமதி. காப்புக்காடு என்பதால் அது இல்லாமல் உள்ளே போகக்கூடாது.

அப்புறம், தயவுசெய்து பறவைகள் இரை தேடும் சேற்றுத்திட்டில் நடாதீர்கள். வெறும் சேறாகத் தெரியும் இடம் வடக்கிலிருந்து வரும் உள்ளான்களுக்கும் பூநாரைகளுக்கும் சாப்பாட்டுத் தட்டு. அங்கே நட்ட கன்று பெரும்பாலும் அலையோடு போய்விடும். பிழைத்தாலும் பறவைக்கு இடம் போனது.

நடுவதைவிட நல்ல வேலை தூர்ந்த சிறு வாய்க்காலைத் திறந்துவிடுவது. நீர் ஓட்டம் சரியானால் வெண்கண்டல் விதை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தானாக மிதந்து வந்து ஒதுங்கி முளைத்துக்கொள்ளும். பக்கத்தில் தாய்மரமே இல்லாத இடத்தில் மட்டும் நடுவது அவசியம். அங்கும் ஒரே வகை நடாமல், நல்லதண்ணீர் கொஞ்சம் கிடைக்கும் ஆற்றோரத்தில் சுரபுன்னையும் தில்லையும் கலந்து முயலலாம். தில்லையைக் கையாளும்போது கவனம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

கடல் ஏறினால் காடும் உள்ளே நகர்ந்துவிடாதா?

இடம் இருந்தால் நகரும். வண்டல் வந்துகொண்டிருந்தால் இருந்த இடத்திலேயே தரையை உயர்த்திக்கொள்ளவும் அதற்குத் தெரியும். நாம் இரண்டையும் அடைத்துவிட்டோம். வண்டல் மேட்டூரிலும் மற்ற அணைகளிலும் படிந்துவிடுகிறது, மணலை லாரியில் அள்ளிவிடுகிறோம். காட்டுக்குப் பின்புறம் பல இடங்களில் இறால் குட்டைக் கரை, உப்பளம், சாலை. முன்னால் கடல், பின்னால் கரை என்று நடுவில் நசுங்குகிறது.

1990களில் நாகை மாவட்டத்தில் இறால் பண்ணைகள் பெருகியபோது காந்தியவாதிகளான ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள் தம்பதி ஊர் ஊராக மக்களைத் திரட்டிப் போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் தீவிர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பதிவு பெற்ற பண்ணைகளுக்கு வழி திறந்தது. நோய் வந்து கைவிட்ட குட்டைகள் இன்று எத்தனையோ கிடக்கின்றன. அவற்றின் கரையை உடைத்து ஏற்ற வற்றத்தை உள்ளே விட்டால் காடு நகர்வதற்கு அதுவே இடம். புதிய நிலம் தேட வேண்டியதில்லை.

கோடியக்கரைக்கும் இதே வைத்தியம்தானா?

இல்லை. கோடியக்கரை மணல்மேட்டில் நிற்கும் வறண்ட பசுமைமாறாக் காடு. பாலை, நாவல், உகா எல்லாம் நிற்கும் இந்தக் காடு மணலுக்கடியில் உப்புநீருக்கு மேல் மிதக்கும் மெல்லிய மழைநீர் அடுக்கை நம்பி வாழ்கிறது. சுற்றிலும் ஆழ்துளைக் கிணறு போட்டு உறிஞ்சினால் உப்பு மேலே ஏறும். கடல் ஏறினாலும் அதேதான்.

அங்கே பெரிய தொல்லை சீமைக்கருவேலம். கஜாவில் விழுந்த பழைய மரங்களின் இடத்தை முதலில் பிடிக்கப் பார்ப்பது அதுதான். அதன் நெற்றைத் தின்னும் விலங்குகள் சாணத்தோடு விதையைப் பரப்புகின்றன. வெளிமானுக்குத் தேவையான திறந்த புல்வெளி சுருங்கிக்கொண்டே போகிறது. மேலாக வெட்டினால் நாலு கிளையாகத் துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் அடுத்த மழைக்கு முளைக்கும் கன்றையும் மறுபடி மறுபடி பிடுங்க வேண்டும். ஒரு தடவை இயந்திரம் ஓட்டிவிட்டு முடிந்தது என்று சொல்வது வீண் செலவு. காலியான இடத்தில் புல்லும் பாலையும் வரும்வரை ஆள் வைத்துப் பார்க்க வேண்டும்.

கடற்கரை முழுக்கச் சவுக்கு நட்டால் போதாதா?

போதாது. சவுக்கு சீக்கிரம் வளரும், விறகுக்கு ஆகும், காற்றைக் கொஞ்சம் தடுக்கும். அதன் அடியில் வேறு எதுவும் எளிதில் வராது. மணல்மேட்டை உண்மையில் பிடித்து வைப்பது அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். மேட்டை மட்டம் செய்து சவுக்கு நட்டால் இருந்த அரணை இடித்துவிட்டு வேலி கட்டுவது போலாகும். ஆமை முட்டையிடும் மணலையும் மரம் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் பின்தள்ளி, புன்னையும் பூவரசும் பனையும் கலந்து நடுங்கள். பனை காற்றுக்கு எளிதில் சாயாது, அது எங்கள் ஊரில் எல்லோரும் கண்ணால் பார்த்தது.

மீனவர்களையும் மாடு மேய்ப்பவர்களையும் வெளியேற்றினால் காடு பிழைக்காதா?

முத்துப்பேட்டைப் பக்கத்து மீனவர்கள் காட்டுக்குள் தாங்களே வெட்டிப் பராமரித்த வாய்க்கால்களில் தலைமுறைகளாக மீன் பிடிக்கிறார்கள். வாய்க்கால் மீன்பிடி என்றே அதற்குப் பெயர். அந்த வாய்க்கால்களும் காட்டுக்குள் நீரைக் கொண்டுபோகின்றன. யார் வாய்க்கால் தூர்ந்திருக்கிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அவர்களை வெளியே நிறுத்திவிட்டுத் திட்டம் போடுவது முட்டாள்தனம்.

மாடு வேறு. வெண்கண்டல் இலையை அது விரும்பித் தின்னும், கன்று மிஞ்சாது. கன்று வளரும் சில ஆண்டுகளுக்கு மட்டும் அந்த இடத்தை ஊர் பேசி ஒதுக்கிவைத்து, மேய்ப்பவருக்குத் தீவனத்துக்கு வழி செய்தால் நடக்கிறது.

கார்பனைச் சேமிக்கும் என்கிறார்களே?

ஆமாம். காற்று புகாத சேற்றில் இலையும் வேரும் மட்காமல் புதைந்து கிடப்பதால், அதே பரப்புள்ள பெரும்பாலான நிலக்காடுகளைவிட அதிகமாகவே சேமிக்கும். சேற்றைத் தோண்டி இறால் குட்டை வெட்டினால் அத்தனையும் வெளியே வரும்.

கடலோரத்தில் இல்லை, மன்னார்குடிப் பக்கம் இருக்கிறேன். என்னால் என்ன ஆகும்?

நிறைய ஆகும். உங்கள் ஊர் வழியாகப் போகும் பாமணியாறோ கோரையாறோ அந்தக் காட்டுக்குத்தான் போகிறது. ஊர் வடிகாலில் குப்பை கொட்டுவதை நிறுத்தவும், ஆகாயத்தாமரையை எடுக்கவும் கிராம சபையில் தீர்மானம் போடலாம். குளத்தைத் தூர்வாரினால் கோடையில் நிலத்தடி நீர் நிற்கும், ஆற்றில் கசிவு இருக்கும்.

கோயில் தோப்பு இருந்தால் அதில் என்னென்ன மரம் நிற்கிறது என்று ஒரு நாள் உட்கார்ந்து எழுதுங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள், பெயரெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இலுப்பை, மருதம், புங்கன், நாவல் என்று பழைய மரம் எது செத்துவிட்டதோ அதையே மறுபடி நடுங்கள். ஆடியில் குழி வெட்டி, ஐப்பசி மழைக்கு முன் நட்டு, முதல் இரண்டு கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று பெயர் போட்டு எழுதி வையுங்கள்.